கட்டத்துக்குள் கால் வைக்காதவள்

நாற்பத்தாறாவது வயதில் என்னை நண்டாக மாறச் சொன்னார்கள்.

அங்கன்வாடி டீச்சர்களுக்கு அவ்வப்போது பயிற்சி நடக்கும். வழக்கமாக ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துவிட்டு, டீ வரும் நேரத்துக்குக் கண் விழித்துக்கொண்டால் போதும். அந்த முறை ஹாலுக்குள் நுழைந்தால் ஒரு நாற்காலியைக்கூடக் காணோம். நடுவில் பேன்ட் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண், கையில் ஒரு குட்டி மேளத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னைக்கு யாரும் உட்காரப் போறதில்லை மேடம். வாயால பேசாம உடம்பால பேசப் போறோம்" என்றாள். என் பக்கத்தில் நின்ற கூனிமேட்டு டீச்சர், "என் உடம்பு பேச ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சும்மா, முட்டிதான் முதல்ல வாயைத் திறந்துச்சு" என்றார். ஹாலே சிரித்தது.

அந்தப் பெண் அசரவில்லை. மேளத்தைத் தட்டி, காற்றாகச் சொன்னாள், மரமாகச் சொன்னாள், கடைசியில் நண்டாகச் சொன்னாள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினேன். எதிரே பக்கவாட்டில் ஓடிவந்த கோட்டக்குப்பம் டீச்சர் மேல் மோதி, இரண்டு பேரும் தரையில் உருண்டோம். எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு வலியால் இல்லை, சிரிப்பால். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று அப்புறம் பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன்.

அவள் சொன்ன விஷயங்களும் மண்டையில் நன்றாக ஏறிவிட்டன. சின்னப் பிள்ளைகளுக்கு வாய்க்கு முன்னால் உடம்புதான் படிக்குமாம். மேலே, கீழே, பக்கத்தில், தூரத்தில் என்பதையெல்லாம் முதலில் காலும் கையும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அப்புறம்தான் பென்சில், எழுத்து எல்லாம். ஆட்டத்தில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது, அதனால் பயந்த பிள்ளைக்கும் அங்கே தைரியம் வந்துவிடும் என்றாள். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியிலேயே வீட்டுக்காரருக்கு நண்டு ஆடிக் காட்டினேன். அவர் செய்தித்தாளை இறக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "சோறு ஆயிடுச்சா, இல்ல நண்டு வளைக்குள்ள போகப் போகுதா?" என்று கேட்டார். அந்த மனுஷனிடம் காட்டினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அங்கன்வாடி ஈசிஆரிலிருந்து உள்ளே இறங்கும் மண் ரோட்டின் முனையில் இருக்கிறது. ஒரு பக்கம் மீனவக் குப்பம், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். மத்தியானத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தும். பிள்ளைகளில் பாதி குப்பத்துப் பிள்ளைகள், பாதி உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். குப்பத்துக் கூட்டம் வரும்போதே கூரை பறக்கும். உப்பளத்துப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, சத்தம் போடாமல் வந்து உட்காரும். அதுகளின் குணம் போல என்று நானும் விட்டிருந்தேன்.

நான் திண்டிவனத்துப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தும் உப்பை பாக்கெட்டில் பார்த்ததோடு சரி. உப்பளத்துக்குள் ஒரு தரம்கூட இறங்கியதில்லை. வெயிலுக்கு யார் போவது?

பயிற்சிக்கு மறுநாளே ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டேன். மேளத்துக்கு எங்கே போவேன்? சோற்றுத் தட்டும் கரண்டியும்தான். எங்கள் சமையல் அக்கா, அங்கன்வாடியின் உதவியாளர், என்னைவிட மூத்தவர், வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"டீச்சர், கரண்டி எங்க?"

"தோ, வேலை செய்யுது."

"சாம்பார்ல வேலை இருக்குது அதுக்கு. தட்டு நசுங்கினா என்னைக் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ரயில் விட்டோம், அலையானோம், கொக்கானோம். பெரிய கொக்கு நான்தான். ஒற்றைக் காலில் நின்று விழுந்து, விழுந்து நின்று, முதல் நாளே பிள்ளைகள் எனக்கு விசிறிகளாகிவிட்டார்கள். எனக்கு ஒரே குஷி. ஒருத்தியைத் தவிர எல்லாரும் ஆடினார்கள்.

அந்த ஒருத்திக்கு நான்கு வயது. பொங்கலுக்கு அப்புறம், உப்பளத்தில் வேலை தொடங்கியபோது சேர்ந்தவள். அம்மா வெயிலுக்குத் தலையில் கட்டும் துண்டு ஒன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வர மாட்டாள், முற்றத்திலும் இறங்க மாட்டாள். எங்களிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஆனால் அழுகை இருக்கிறதே, அப்பப்பா! அம்மா கேட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். நானும் தினமும் அவள் முன்னால் குந்தி, ஒரே பாட்டாகப் பாடுவேன். "ஏம்மா, இதுக்கெல்லாம் அழுவாங்களா? மூக்கைத் துடை. அம்மா வேலைக்குப் போய்ட்டு ஓடி வந்துடுவாங்க, சரியா? நல்ல பாப்பா இல்ல?" அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஓங்கி அழுவாள்.

பக்கத்து ஊருக்குக் கேட்கும் என்று நான் சும்மா சொல்லவில்லை. உப்பளத்தில் மறைக்க ஒரு மரம் கிடையாது. பிள்ளை இங்கே அழுதால் அங்கே பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கிற அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கும். கொஞ்ச நேரம் காதை மூடிக்கொள்வாள். அப்புறம் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிவருவாள். பிள்ளை அவள் இடுப்பில் ஏறிக்கொள்ளும், அன்றைய வேலை போச்சு.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அவள் மூச்சு வாங்க வந்து நின்று, "டீச்சர், இனிமே இது சரிப்படாது. மேஸ்திரி வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு, பாப்பாவை பிரம்மதேசத்துக்குக் கூட்டிட்டுப் போய்டுவாரு" என்றாள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"சீசன் முடியற வரைக்கும். மழைக்காலம் வந்தா கூட்டிட்டு வந்துடுவேன்."

மழைக்காலம் என்றால் ஐப்பசி. காலை வேலைக்குப் போகிற அம்மாவையே விடாத பிள்ளை, ஐப்பசி வரைக்கும் அம்மா இல்லாமல் இன்னொரு ஊரில் இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"இந்த வாரம் முழுசா எனக்குக் குடும்மா. உன் பொண்ணை நான் ஆட வெச்சுக் காட்டறேன்" என்று சவால் விட்டேன்.

"ஆடல்லாம் வேணாம் டீச்சர். அழாம இருந்தா போதும்" என்றாள் அவள்.

சவால் விட்டாயிற்று. இனி என்ன செய்வது? பயிற்சியில் சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது. பயப்படும் பிள்ளைக்கு அதற்கென்று ஓர் இடம் வேண்டும், 'இது உன் வீடு, இதுக்குள்ள நீ எப்படி வேணா ஆடலாம்' என்று சொல்ல வேண்டும். மறுநாள் விடிந்தும் விடியாமலும் போய் முற்றம் முழுக்கக் கோலமாவில் பெரிய பெரிய கட்டங்களாகப் போட்டேன். இடுப்பு ஒடிந்தது. ஆனால் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். 'நம்ம வீட்டு வாசல்ல ஒரு புள்ளி வெச்சு எத்தனை நாளாச்சு?' என்று பதில் வந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். "ஆளுக்கொரு வீடு! ஓடிப்போய்ப் புடிச்சுக்கோங்க!" என்று கரண்டியால் தட்டைத் தட்டினேன். குப்பத்துப் பிள்ளைகள் தடதடவென்று கட்டங்களுக்குள் குதித்து அங்கேயே சுழல ஆரம்பித்தன. உப்பளத்துப் பிள்ளைகள் என்ன செய்தன தெரியுமா? கோட்டின் மேல் ஏறி நின்றன. ஒருவர் பின் ஒருவராக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோட்டின் மேலேயே நடந்தன. மூலை வந்ததும் நின்று திரும்பி, அடுத்த கோட்டில் நடந்தன. ஒன்றுகூட உள்ளே கால் வைக்கவில்லை.

"டேய், கோட்டு மேல நடக்காதீங்கடா! அழியுதுடா! உள்ள போங்க!"

எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தன. முன்னால் நின்றவன், "யாரு பாத்தி டீச்சர் இது?" என்று கேட்டான்.

"பாத்தியாவது மண்ணாங்கட்டியாவது! வீடுடா அது, வீடு!"

என் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதற்குள் குப்பத்துப் பொண்ணு ஒன்று, மூன்று வயதுக்கு நல்ல உருண்டை, என் கஷ்டத்தைப் பார்த்து உதவி செய்ய நினைத்துவிட்டது. நேராகப் படிக்குப் போய், துண்டோடு உட்கார்ந்திருந்தவளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து ஒரு கட்டத்துக்குள் தள்ளியது. அவ்வளவுதான்! அது வரைக்கும் கேட்டதெல்லாம் அழுகையே இல்லை. அடிபட்ட மாதிரி ஒரு வீறல். தரையில் கால் படாமல் இருக்க மாறி மாறிக் குதிக்கிறாள். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அம்மா வந்துவிட்டாள். முழங்கால் வரைக்கும் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்த காலோடு கேட்டில் நின்றாள். என் இடுப்பில் பிள்ளையைப் பார்த்தாள், முற்றத்துக் கட்டங்களைப் பார்த்தாள், இன்னும் கோட்டிலேயே நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ டீச்சர், பாத்தி போட்டு வெச்சிட்டு உள்ள வான்னா எப்படி வரும்? தவழ ஆரம்பிச்சதுலேர்ந்து 'பாத்தியில கால் வைக்காத, வரப்புல நில்லு'ன்னு சொல்லி வளர்த்திருக்கோம். உப்பு உட்கார்ந்த பாத்தியில கால் பட்டுச்சுன்னா சேறு கலங்கி உப்பு கறுத்துடும். அப்புறம் மேஸ்திரி வாயில யாரு விழறது?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டால் கட்டம் கட்டமாகப் போட்டு, உப்பளத்துப் பிள்ளைகளை உள்ளே குதி என்று சொன்ன புத்திசாலி நான்! இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பு மட்டும் நின்றது.

"போன வருஷம் இதை வரப்புல குடைக்குக் கீழ உட்கார வெச்சிருந்தேன். என்னைப் பார்த்துட்டு பாத்திக்குள்ள ஓடிவந்துடுச்சு. என்கிட்டதான் டீச்சர் ஓடிவந்துச்சு. பதறிப்போய் முதுகுல ஒண்ணு வெச்சேன்."

பிள்ளை என் இடுப்பிலிருந்து அவளிடம் தாவியது. அவள் சேலைத் தலைப்பால் அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள். நான் துடைப்பத்தை எடுத்துக் கட்டங்களைப் பெருக்கித் தள்ளினேன்.

மறுநாள் புதன்கிழமை. கோடு போனதே தவிர, பயம் போகவில்லை. அவளுக்கு எந்தக் கோடு எங்கே இருந்தது என்பது மனப்பாடம். படியிலிருந்து முற்றத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், துண்டை இன்னும் இறுக்குவாள். சரி, நீ வரப்பில்தான் இருப்பாய் என்றால் நானும் வரப்புக்கே வருகிறேன் என்று முடிவு செய்தேன். சுற்றுச்சுவரை ஒட்டி செங்கல் பதித்த ஒரு ஓரம் உண்டு, ஒரு பாதம் அகலம்தான். அதன் மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து, கொக்கும் இல்லாமல் நண்டும் இல்லாமல் ஆடி ஆடி நடந்தேன். என் எடைக்கு அது பெரிய வித்தை. முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் கால் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். சமையல் அக்கா உள்ளேயிருந்தே, "விழுந்தது டீச்சரா, தேங்காயா?" என்று கேட்டார். வாசற்படியில் அழுகை நின்றிருந்தது. அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

அன்றே இன்னும் இரண்டு தரம் அதே ஓரத்தில் நடந்தேன், விழுந்தேன். வேண்டுமென்று விழவில்லை, ஆனால் விழுந்ததில் வருத்தமும் இல்லை. வியாழக்கிழமை என் பின்னால் புடவை முந்தானை லேசாக இழுபட்டது. திரும்பவில்லை. திரும்பினால் ஓடிவிடுவாளோ என்று, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நடந்தேன். அவள் ஒரு கையில் துண்டும் ஒரு கையில் என் முந்தானையுமாக, செங்கல் ஓரத்தில் என் பின்னாலேயே வந்தாள். எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. ஆனாலும் அன்று காலையும் அம்மா போகும்போது அதே அழுகைதான். அம்மா அன்றும் பாதி வேலையில் வந்தாள். "விடுங்க டீச்சர், நீங்க பாவம், எங்கயாவது உடைச்சுக்கப் போறீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி, பங்குனி என்றும் பாராமல், மழை கொட்டித் தீர்த்தது.

வெள்ளிக்கிழமை காலை முற்றம் சேறாகக் கிடந்தது. உப்பளத்து மண்ணும் எங்கள் முற்றத்து மண்ணும் ஒரே களிமண்தான், தண்ணீர் பட்டால் கணுக்கால் வரைக்கும் இறங்கும். சமையல் அக்கா துடைப்பத்தோடு வராந்தாவில் காவல் நின்று, "ஒரு கால் கீழ இறங்கிச்சு, அவ்வளவுதான். உள்ள நான்தான் துடைக்கணும்" என்று சட்டம் போட்டிருந்தார். பிள்ளைகள் வராந்தா விளிம்பில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

உப்பளத்தில் அன்று வேலை கிடையாது. உட்கார்ந்த உப்பெல்லாம் கரைந்து போயிருக்கும். அந்தப் பாப்பாவின் அம்மா, கூட வேலை செய்யும் பெண்கள் சிலரோடு ரேஷன் கடைக்குக் கிளம்பியவள், வழியில் எங்கள் கேட்டில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை.

"பாப்பாவோட தட்டையும் மாத்துத் துணியையும் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர். நாளன்னிக்கு அண்ணன் வர்றாரு இல்ல."

விட்ட சவாலில் தோற்றதுகூடப் பெரிதில்லை. நேற்றுதான் என் முந்தானையைப் பிடித்தாள். இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று கேட்க வாயெடுத்தேன், எந்த முகத்தோடு கேட்பது? மேஸ்திரிக்கு நானா பதில் சொல்வேன்? தட்டை எடுத்து வரத் திரும்பினேன்.

திரும்பும்போதுதான் கவனித்தேன், பிள்ளை அம்மாவின் கையை விட்டிருந்தாள்.

முற்றத்தின் மூலையில் போய் நின்று சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு எதுவும் இல்லை, பெருக்கி மிஞ்சிய தடமும் மழையில் போயிருந்தது. செருப்பைக் கழற்றினாள். துண்டைச் செருப்பின் மேல் மடித்து வைத்தாள். அப்புறம் வலது குதிகாலைச் சேற்றில் அழுத்தி ஊன்றினாள். அதை ஒட்டி இடது குதிகால். அதை ஒட்டி மறுபடி வலது. இரண்டு தடத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை அவ்வளவு சீரியஸாக வைத்துக்கொண்டு, ஓரத்திலேயே மிதித்துக்கொண்டு போனாள்.

"பாத்தி மிதிக்கிறா!" என்று வராந்தாவிலிருந்து ஒரு கூச்சல். உப்பளத்துப் பிள்ளைகள் அத்தனையும் பொலபொலவென்று சேற்றில் குதித்தன. மழை பெய்து பாத்தி சேறானால் எல்லாரும் உள்ளே இறங்கி மிதித்து இறுக்க வேண்டும். அது அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. உப்பு இருக்கும்போது கால் வைக்கக் கூடாது. மழைக்கு அப்புறம் எல்லாக் காலும் வேண்டும். இத்தனை நாள் இவள் பயந்த மாதிரி தெரிந்ததெல்லாம், அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றியதுதான். நான் தலையில் அடித்துக்கொண்டேன், அடித்த கையாலேயே கரண்டியை எடுத்தேன்.

டங் டங் டங்! குப்பத்துப் பிள்ளைகள் பொறுக்குமா? "என்னா ஆட்டம் இது? என்னா ஆட்டம் இது?" என்று அவர்களும் இறங்கினார்கள். இறங்கித் தங்கள் வழக்கப்படி தாறுமாறாகக் குதித்தார்கள். அவள் நின்றாள். திரும்பினாள். முதலில் அந்த உருண்டைப் பொண்ணின் தோளைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அதன் காலைக் குனிந்து பிடித்துத் தன் தடத்தை ஒட்டி வைத்தாள். அப்புறம் அடுத்தவன். ஒரு வார்த்தை பேசாமல் மொத்தக் கூட்டத்தையும் வரிசை கட்டிவிட்டாள். நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டும் ஒரு நாளும் அவர்கள் அப்படி நின்றதில்லை.

அவள் அம்மா கேட்டில் அசையாமல் நின்றாள். கண் கலங்கப் போகிறாள், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். அவளோ, "ஏய்! மூலையை விட்டுட்டுப் போற பாரு! அங்க யாரு மிதிப்பா, உங்கப்பனா?" என்று கத்தினாள். கத்திவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, விட்டுப்போன மூலையை மிதிக்க ஆரம்பித்தாள்.

"நீ என்னாடி அங்க ஒத்தையா?" என்று கூட வந்தவர்களும் ரேஷன் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு இறங்கினார்கள். "குதி வை, குதி வை! விரலால தடவாத!" "ஏம்மா, இவன் குழி போடறான் பாரு!" முன்னால் பெரிய கால்கள், பின்னால் சின்னக் கால்கள். களி சளக் சளக்கென்று பேசியது. ஒரு வரிசை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து திரும்பினார்கள், அந்தத் திரும்பல் எந்த மேடையிலும் கிடைக்காது. நான் தட்டைத் தட்டிக்கொண்டே நடுவில் இறங்கிவிட்டேன். சமையல் அக்கா, "டீச்சர்! நீங்களுமா!" என்று கதறினார். யாரோ அவர் கையைப் பிடித்து இழுக்க, துடைப்பத்தோடேயே சேற்றில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே மிதித்தார். அப்புறம் திட்டுவதை மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சூப்பர்வைசர் மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பயிற்சிக்குப் பின்னால் யார் யார் ஆட்டம் நடத்துகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார். நான் முழங்கால் வரைக்கும் சேறு, கையில் நசுங்கிய தட்டு.

"என்னம்மா நடக்குது இங்க?"

"டான்ஸ் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

மேடம் ஃபோனை எடுத்து வீடியோ பிடிக்க ஓரடி முன்னால் வந்தார். ஒரு செருப்பு களியில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கப்போய் மறு காலும் உள்ளே. "அப்படியே மிதிங்க மேடம், வந்தது வந்துட்டீங்க!" என்று அவள் அம்மா சொல்ல, மேடமும் சிரித்துவிட்டார். அன்று முற்றத்தில் மிதிபடாத இடம் கையகலம்கூட இல்லை.

சோறு நேரத்தில்தான் எல்லாரும் ஓய்ந்தார்கள். அவள் அம்மா வாளித் தண்ணீரில் பிள்ளையின் காலைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், "அண்ணனை அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லிப் பாக்கறேன். திங்கக்கிழமை ஒரு நாள் பார்ப்போம் டீச்சர். அன்னைக்கும் அழுதான்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். தட்டையும் துணியையும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் நடக்கும்போதெல்லாம் குதிகால் தானாக ஒட்டி ஒட்டி விழுந்தது. "தரை உடைஞ்சிடப் போகுது, வாடகை வீடு" என்றார் வீட்டுக்காரர்.

திங்கட்கிழமை வெயில் காய்ந்தது. முற்றம் இறுகி, சிமென்ட் போட்ட மாதிரி மொழுமொழுவென்று கிடந்தது. உப்பளத்திலும் வேலை தொடங்கிவிட்டது. அம்மாவும் பிள்ளையும் கேட்டுக்கு வந்தார்கள். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டத் தைரியமில்லாமல் நின்றேன்.

அம்மா குனிந்து, வழக்கம்போல் தலைத் துண்டை நீட்டினாள். பிள்ளை வாங்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி, செங்கல் ஓரத்துக்குப் போகாமல், நேராக முற்றத்தின் நடுவில் போய் நின்றாள். காலால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இறுகியிருந்தது.

நாங்கள் காத்திருந்தோம். அழுகை வரவில்லை. வந்தது, ஆனால் கேட்டிலிருந்து. அம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், தோள் குலுங்குகிறது, வேலைக்குப் போகக் கால் எழவில்லை. அத்தனை வாரமாக ஓடி ஓடி வந்த காலாயிற்றே.

பிள்ளை அதைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். அம்மாவின் முன்னால் குந்தினாள், நான் குந்துவது மாதிரியே, ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு. எங்கள் முன்னால் அது வரைக்கும் திறக்காத வாயைத் திறந்து, என் குரலில், என் இழுப்போடு சொன்னாள்: "ஏம்மா, இதுக்கெல்லாம் அழுவாங்களா? மூக்கைத் துடை. வேலைக்குப் போய்ட்டு ஓடி வந்துடணும், சரியா? நல்ல அம்மா இல்ல?"

சமையல் அக்கா உள்ளே ஓடிவிட்டார். எனக்கு ஓட இடமில்லை, அங்கேயே நின்று அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

அம்மா மூக்கைத் துடைத்தாள், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி தலையாட்டினாள், போனாள். வரப்பில் பாதி தூரம் போனதும் பழக்க தோஷத்தில் நின்றுவிட்டாள். நின்று, எங்கள் பக்கம் காதைக் கொடுத்தாள். அவளுக்குக் கேட்க இங்கே அழுகை எதுவும் இல்லை. அதனால் நான் கரண்டியை எடுத்துத் தட்டில் ஓங்கித் தட்டினேன். முற்றத்தில் அவள் பெண் முதல் குதிகாலை ஊன்றினாள். தட்டு நசுங்கிவிடும் என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வரப்பில் நின்றவள் மறுபடி நடக்கும் வரைக்கும் நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.